விலையில்லா ஆடா, கணக்கில் பணமா?

கரிசல்காடு:
தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா ஆடு திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு 4 ஆடு கொடுத்தார்கள். அப்படி ஆடு வாங்கித் தருவதைவிட, அதற்கான தொகையை வங்கிக் கணக்கில் போடுவதே மேல் என்கிறேன். ஒரே சந்தையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான ஆடு வேண்டுமென்றால் விலை ஏறும். வியாபாரிகள் பல ஊர் ஆடுகளைக் கலந்து லாரியில் இறக்குவார்கள். பட்டினியும் அலைச்சலும் சேர்ந்தால் ஆட்டுக்கொல்லி நோய் பிடித்துக்கொள்ளும். காய்ச்சல், மூக்கில் சளி, வாய்ப்புண், கழிச்சல் வந்து ஒரு வாரத்தில் பட்டியே காலியாகும்.

பட்டிக்காவல்:
நோய்க்குப் பயந்து ஆடே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது, நண்பரே. ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி 1 மி.லி., தோலுக்கடியில். ஒருமுறை போட்டால் 3 ஆண்டு தாங்கும். ஆனால் எதிர்ப்புச் சக்தி வர 2, 3 வாரம் ஆகும். சந்தையிலேயே ஊசி போட்டு அன்றே ஒப்படைத்தால், அந்த இடைவெளியில்தான் ஆடு சாகும். 3 வாரம் தனியே கட்டி, குடற்புழு மருந்து கொடுத்து, அதன்பிறகே ஊர் மந்தையோடு விட வேண்டும். மழைக்கு முன் துள்ளுமாரி என்ற குடல்நோய்க்கும் ஊசி தேவை.
பணம் கணக்கில் விழுந்தால் பழைய கடனுக்குப் போய்விடும். ஆடு வீட்டில் நிற்கும். சினைக்காலம் 5 மாதம்தான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 2 ஆண்டில் 3 ஈற்று.

கரிசல்காடு:
நன்றாகப் பார்க்கத் தீவனம்? வளர்ந்த ஆட்டுக்கு நாளுக்கு 3, 4 கிலோ பசுந்தழை. நாலுக்கும் சேர்த்து 15 கிலோ. சொந்த நிலமில்லாதவர் எங்கே வெட்டுவார்? மேய்ச்சல் புறம்போக்கு பல ஊர்களில் சுருங்கிவிட்டது. கூலிக்குப் போகும் பெண் ஆடு மேய்க்கப் போனால் அன்றைய கூலி போச்சு. இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

பட்டிக்காவல்:
இது நியாயமான கேள்வி. வீட்டு வேலியோரம் அகத்தி, சவுண்டல் (சூபாபுல்) போன்ற தழைமரங்களை நட்டால் ஓரளவு ஈடாகும். சவுண்டல் தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீறினால் முடி கொட்டும். 100 நாள் வேலைத் திட்டத்தில் ஆட்டுக்கொட்டகை கட்டவும் வழி இருந்தது. கொட்டகை முதலில், ஆடு பிறகு. ஈரத்தரையில் நின்றால் குளம்பு அழுகும், குட்டிக்குச் சளி கட்டும்.

ஏரிக்கரை:
இருவரும் இனத்தை விட்டுவிட்டீர்கள். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் கன்னி ஆடும் கொடி ஆடும், தருமபுரிப் பக்கம் சேலம் கருப்பும் ஊர் வெயிலுக்கும் தழைக்கும் பழகியவை. வெளியூர் ஆடு அங்கே முதல் கோடையிலேயே மெலியும். அதோடு, பிறந்த கிடாவையே தாய்க்கும் தங்கைக்கும் விட்டால் குட்டிகள் நோஞ்சானாகும். கிடாவை ஒன்றரை ஆண்டுக்கொருமுறை ஊருக்குள் மாற்றிக்கொள்ள ஏற்பாடு வேண்டும்.

கரிசல்காடு:
அப்படியானால் தேதியையும் பேசுங்கள். ஆடியில் கொடுத்தால் வடகிழக்குப் பருவமழைக்குள் ஊசியும் முடியும், பின்னால் பச்சையும் கிடைக்கும். நிதியாண்டு முடிகிறதென்று பங்குனியில் ஆட்டை இறக்கினால், அடுத்த 3 மாதமும் கோடை.