நம் குடும்பம் ஸ்காபரோ: ஆகஸ்ட் பயணம்

பெரியண்ணா: எல்லோருக்கும் வணக்கம். அல்கோன்குயின் பூங்காப் பயணத்துக்குத் தோணிகளை இன்றிரவே பதிவு செய்ய வேண்டும். நான் சொல்வதை முழுதாக வாசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்குக் கனூ ஏரிதான் சரி. மேற்கு வாசலிலிருந்து நெடுஞ்சாலை 60-இல் 14-ஆவது கிலோமீட்டரில் இறங்குதுறை. வடக்கே போனால் ஒரு போர்ட்டேஜ், 295 மீட்டர் மட்டுமே. அதைத் தாண்டினால் ஜோ ஏரி. நம் கூடார இடம் அங்கேதான்.

சின்னக்கா: போர்ட்டேஜ் என்றால்?

நிலா: தோணியைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பது, சித்தி

சின்னக்கா: யார் தூக்குவது?

கபிலன்: வழி சொன்னவர்

பெரியண்ணா: கெவ்லார் என்ற லேசான இழையில் செய்த தோணி 20 கிலோ அளவில்தான் இருக்கும். நானே தூக்குகிறேன்.

குணம் மாமா: தம்பி, எனக்கு இந்தக் குட்டைகள் வேண்டாம். ஒப்பியாங்கோவுக்குப் போவோம். பத்து வயதில் குருநகரில் தனியாக வள்ளம் வலித்தவன் நான். உயிர்காப்பு அங்கியும் வேண்டாம்.

மாமி: முழங்கால் தண்ணீரில் தாங்குகோல் ஊன்றியதை வலித்தது என்று சொல்லாதீர்கள்

கபிலன்: 😂😂

பெரியண்ணா: மாமா, ஒப்பியாங்கோ அந்தப் பூங்காவிலேயே பெரிய ஏரி. காலையில் அமைதியாக இருக்கும். பிற்பகலில் மேற்கிலிருந்து காற்று எழுந்தால் அலை தோணிக்குள்ளேயே விழும். பழகியவர்களே கரையை ஒட்டித்தான் போவார்கள். பலர் மோட்டார்ப் படகில் தோணியை ஏற்றிக்கொண்டு பெரிய ஏரியைக் கடந்துவிடுவார்கள்.

குணம் மாமா: மேற்குக் காற்றா?

குணம் மாமா: அது கச்சான். அப்படியானால் விடியுமுன் இறங்கி வெயில் ஏறுமுன் கரை சேர வேண்டும். என் தம்பியைக் கொண்டுபோனதும்

மாமி: இப்போது அது வேண்டாம்

நிலா: 🙏

சின்னக்கா: நான் மாங்காய் ஊறுகாய் இரண்டு போத்தல் போட்டிருக்கிறேன்

நிலா: தகரமும் கண்ணாடிப் போத்தலும் உள்ளே கொண்டுபோகத் தடை சித்தி

சின்னக்கா: ஊறுகாய்க்குமா?

கபிலன்: அண்ணா, நானும் என் நண்பனும் கயாக்கில் பெட்டாவாவா ஆற்றுக்குப் போகிறோம். நீங்கள் ஏரியில் இருங்கள்.

பெரியண்ணா: கூடாது. டிராவர்ஸ் ஏரிக்குக் கீழே வரிசையாக ரேபிட்ஸ், பாறைகளுக்கிடையே சீறிப் பாயும் நீர். அவற்றில் ரோல்வே என்ற இடத்தில் தேர்ந்தவர்களே பலர் கரையேறித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். கவிழ்ந்த கயாக்கை உள்ளிருந்தபடியே நிமிர்த்த உனக்குத் தெரியுமா? போன வருடம் சிம்கோ ஏரியில் அசையாத தண்ணீரிலேயே கவிழ்த்தாய்.

கபிலன்: சாவி விழுந்ததற்கு இன்னும் எத்தனை வருடம் பேசுவீர்கள்?

மாமி: எந்தச் சாவி?

மாமி: எங்கள் கார்ச் சாவியா? காணாமல் போனது என்றல்லவா சொன்னீர்கள்?

கபிலன்: மாமி பிறகு அழைக்கிறேன்

பெரியண்ணா: ஆறு வேண்டுமென்றால் கிழக்குப் பக்கம் பரன் பள்ளத்தாக்கு இருக்கிறது. இருபுறமும் 100 மீட்டர் உயரப் பாறைச்சுவர், நடுவில் அமைதியான நீர். ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அடுத்த வருடம் நானே கூட்டிப்போகிறேன். இப்போது தலைக்கணக்கு. ஒரு கூடார இடத்தில் 9 பேர்தான் தங்கலாம். நாம் 11.

நிலா: இன்னோர் இடம் கிடைக்குமா?

பெரியண்ணா: ஐந்து மாதம் முன்பே திறந்த பதிவு. அந்த ஏரியில் இப்போது எதுவும் இல்லை. இரண்டு பேர் சாலையோர முகாமில் தங்கிப் பகலில் வந்து சேர வேண்டும்.

சின்னக்கா: போன முறை எங்களைத்தான் தனியாக விட்டீர்கள்

பெரியண்ணா: அது வேறு.

சின்னக்கா: என்ன வேறு?

குணம் மாமா: தம்பி, கனூ ஏரியே போதும். எனக்கும் ஓர் அங்கி எழுதிக்கொள், பெரிய அளவு. குழந்தைகள் இருக்கும் தோணியில் பின்னால் நான் உட்காருகிறேன்.

மாமி: ❤️

பெரியண்ணா: சரி மாமா. நான்கு தோணி போட்டுவிட்டேன். அந்த இரண்டு பேர் யார்? பத்து மணிக்குள் சொல்லுங்கள்.

பெரியண்ணா: யாராவது?

சின்னக்கா: நிலா, பிளாஸ்டிக் டப்பாவில் ஊறுகாய் எண்ணெய் கசியாதா?