புதுப்பிப்பு: குளத்துப் பச்சை எது, வயல் பச்சை எது?

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் ஆகாயத்தாமரை என்னும் களை படர்ந்திருக்கும் பரப்பைச் செயற்கை நுண்ணறிவின் துணையோடு எங்கள் ஊர் மாணவர்கள் கணக்கிடுவதாக முன்பு எழுதியிருந்தேன். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளியே தரையில் 10 மீட்டர் அகலம் என்பதால், 2022-இல் ராம்சர் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த தேரூர்க் குளம் போன்ற பெரியவை தெளிவாகத் தெரிந்தன. சிறு குளங்களிலோ தாமரை, ஆகாயத்தாமரை, கரையோர நெல் மூன்றையும் மென்பொருள் ஒரே பச்சையாக எண்ணிவிட்டது. கன்னிப்பூ (முதல் பருவ நெல்) அறுவடை முடிந்ததும் வயல் பழுப்பாகிவிடும், அப்போதைய படங்களைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றாள் ஒரு மாணவி. (எனக்கு அது தோன்றவே இல்லை.) நெல் பிரிந்துவிட்டது. தாமரையைப் பிரிக்க, கரையில் நின்று கைபேசியில் படமெடுத்துப் பெயர் குறித்து மென்பொருளுக்குக் கற்பித்து வருகிறார்கள். அது முடியும்வரை ஆகாயத்தாமரை பற்றி ஊராட்சிக்கு மனு எழுத வேண்டாம் என்று அவர்களே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.