டேப்ரூம்: குழாயறையா, ஆலைமுன்றிலா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

டேப்ரூம் என்பது பீர் ஆலையிலேயே பீரைக் குழாயிலிருந்து ஊற்றித் தரும் கூடம். சிறு பீர் ஆலைகளுக்கான டேப்ரூம் வடிவமைப்புக் கையேட்டைத் தமிழாக்கும் நண்பருக்கு இந்தச் சொல்லுக்காக இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: மதுக்கூடம், வடிப்பகக் கூடம், குழாயறை. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

மதுக்கூடம் என்றதும் நம் செய்தித்தாள் வாசகருக்கு நினைவில் வருவது டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்தான். வரவேற்பான இடம் ஒன்றை அமைப்பது பற்றிய நூலுக்கு இந்தச் சொல் ஆகாது. வடிப்பகம் பொருளிலேயே பிழை. வடிப்பது சாராயத்துக்குரிய வேலை. பீருக்கு முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆற்றி, நொதிக்க விடுகிறார்கள், ஆவியாக்கி வடிப்பதில்லை.

குழாயறையை முன்மொழிந்த ஐயாவின் வாதத்தில் நியாயம் உண்டு. நல்ல டேப்ரூமில் குழாய்தான் உயிர். பீர்க் கலன்கள் இருக்கும் குளிர் அறையைக் கவுண்ட்டருக்கு நேர் பின்னால் வைத்து, சுவரைத் துளைத்துக் குழாய்களை இந்தப் பக்கம் நீட்டிவிடுவார்கள். பீர் ஓடும் தொலைவு குறையும். ஏறத்தாழ 3 பாகை செல்சியஸ் குளிர் கோப்பை வரை நிற்கும். நுரை பொங்கி வீணாவதும் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசலை ஓட்டிக் கழுவாவிட்டால் குழாயில் படலம் படிந்து பீர் புளிக்கும். ஆனாலும் தமிழ்க் காதுக்குக் குழாய் என்றால் தண்ணீர். குழாயடி என்றால் சண்டை. வாசலில் 'குழாயறை' என்று பலகை மாட்டினால் மோட்டார் பழுது பார்க்கத்தான் ஆள் வருவார்.

பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். அந்தக் கால இங்கிலாந்துச் சத்திரங்களில் டேப்ரூம் என்பது பீப்பாய்க்குப் பக்கத்தில் உழைப்பாளிகள் குடித்த மலிவான அறை. வசதியானவர்களுக்குத் தனிக்கூடம் இருந்தது. இன்றைய அமெரிக்கப் பொருள் வேறு. அங்குள்ள பீர் ஆலைகளின் சங்கமான ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் வகைப்பாட்டில், தன் பீரில் 25 விழுக்காடோ அதற்கு மேலோ ஆலை இடத்திலேயே விற்று, பெரிய அளவில் உணவு விற்காதது டேப்ரூம் ஆலை. அதே அளவு விற்று, உணவையும் பெரிய அளவில் நடத்தினால் அது ப்ரூபப். ஆக, டேப்ரூமின் சாரம் ஆலையிலேயே குடிப்பது. சமையற்கட்டு இல்லாத குறையை வாசலில் நிற்கும் உணவு வண்டி தீர்த்துவிடும்.

வடிவமைப்பும் இதையே வலியுறுத்துகிறது. உள்ளே நுழைபவர் கண்ணில் முதலில் எஃகுத் தொட்டிகள் பட வேண்டும். தடுப்பு வேண்டுமானால் கண்ணாடி போதும். அதற்காக ஆலையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. சிமென்ட் தரை, தகரக் கூரை, எஃகுத் தொட்டி மூன்றும் சேர்ந்தால் இருபது பேர் பேச்சு இருநூறு பேர் இரைச்சலாகிவிடும். இது தெரியாமல் விளக்குக்கும் நாற்காலிக்கும் பணத்தைக் கொட்டியவர்கள் பலர். ஒலி உறிஞ்சும் பலகைகளைக் கூரையில் பதிப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பேன். கவுண்ட்டர் முழுவதும் 42 அங்குல உயரத்தில் இருந்தால் சக்கர நாற்காலியில் வருபவருக்கு எதிரே ஒரு சுவர்தான் நிற்கும். அமெரிக்க விதிப்படி அவருக்கான மேசைப்பரப்பு 28 முதல் 34 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

இனி என் பரிந்துரை: ஆலைமுன்றில். முன்றில் என்றால் வீட்டின் முன்புற முற்றம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கள்விலைக் கொடி பறக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். 'ஊன் பொரிக்கும் ஒலிமுன்றில்' அங்கே. மணல் குவித்து, மலர் தூவி, பலர் புகும் மனையும் அங்கே. உணவு வண்டி உட்பட எல்லாம் பொருந்திவிடுகிறது! பழம்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. மதுவின் வாடை தானாக ஒட்டாத, அழைக்கும் தொனியுள்ள இடப்பெயர் நமக்குத் தேவை. முன்றிலில் அது இருக்கிறது.

முன்றில் வீட்டுக்கு வெளியே உள்ளது, டேப்ரூமோ கூரைக்குக் கீழே இருக்கிறதே என்று ஐயா கேட்பார். சரிதான். ஆனால் ஆலையைப் பொறுத்தவரை அது வெளியார் வந்து உட்காரும் முன்பகுதிதானே? ஆலை என்றால் கரும்பாலையும் நூற்பாலையும் நினைவுக்கு வருமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்காக நூலில் முதல்முறை வரும் இடத்தில் 'பீர் ஆலைமுன்றில்' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். ப்ரூபப்புக்கு 'ஆலையுணவகம்' தடையின்றி அமையும்.

கெக் என்பதைப் பீப்பாய் என்று மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பீப்பாய் மரத்தாலானது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போனது; கெக்கோ அழுத்த வாயு ஏற்றிய எஃகுக் கலன். கெக் கெக்காகவே இருக்கட்டும்.

நான்கைந்து வகை பீரைச் சிறு கோப்பைகளில் ஒரே பலகையில் வைத்துத் தருவதை 'ஃபிளைட்' என்கிறார்கள். 'சுவைவரிசை' என்று எழுதிப் பார்த்தேன். கோப்பைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகையும் கோப்பையும் சேர்ந்து தெரியும்படி யாரிடமாவது சொல் இருக்கிறதா?