மறு: இன்டர்ஆபரபிலிட்டிக்கு ‘இயைந்தியக்கம்’ சரிவருமா?

வணக்கம்.

இன்டர்ஆபரபிலிட்டிக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட மடல் இழையை இன்றுதான் முழுக்கப் படித்தேன். ஒருங்கிணைப்பு, ஒத்திசைவு, இடைச்செயல்பாடு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு ஒட்டவில்லை.

ஒருங்கிணைப்பு ஏற்கெனவே இன்டக்ரேஷனுக்குப் போய்விட்டது. ஒரு கல்லூரி தன் மூடுல் என்ற கற்றல் தளத்தையும் மதிப்பெண் பதிவேட்டையும் ஆள் வைத்து நிரல் எழுதிச் சேர்த்தால் அது ஒருங்கிணைப்பு. நாளை மூடுலை எடுத்துவிட்டு வேறு தளம் வைத்தால் அந்த நிரல் குப்பைக்குத்தான் போகும். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. ஒன்றையொன்று முன்பின் அறியாத இரண்டு மென்பொருள்கள், ஒரே செந்தரத்தை (ஸ்டாண்டர்டை)ப் பின்பற்றுகின்றன என்பதற்காகவே சேர்ந்து வேலை செய்கிற தன்மை அது. 2010இல் வந்த எல்டிஐ என்ற செந்தரம் இதற்காகவே எழுதப்பட்டது: மாணவர் கற்றல் தளத்துக்குள் இருந்தபடியே வெளிக் கருவி ஒன்றைத் திறக்கலாம், அது தனியாகக் கடவுச்சொல் கேட்காது.

ஒத்திசைவை சிங்க் என்பதற்கும் கம்பேட்டிபிள் என்பதற்கும் ஏற்கெனவே போட்டு அடித்துக்கொண்டிருக்கிறோம், மூன்றாவது சுமை வேண்டாம். இடைச்செயல்பாடு என்றால் இடைவேளையில் செய்கிற வேலை மாதிரி இருக்கிறது.

மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ-ட்ரிபிள்-இ இன்டர்ஆபரபிலிட்டிக்கு 1990இல் தந்த வரையறையில் இரண்டு பாதிகள் உண்டு: தகவலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும், பரிமாறிய தகவலைப் பயன்படுத்தவும் முடிய வேண்டும். கோளாறு பெரும்பாலும் இரண்டாம் பாதியில்தான். மின்பாடங்களும் கற்றல் தளமும் பேசிக்கொள்வதற்கான செந்தரமான ஸ்கார்மில், 2001இல் வந்த 1.2 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் நிலையைச் சொல்ல அதில் ஒரே ஒரு புலம்தான், ‘முடித்தார்’ என்பதும் ‘தேர்ச்சி பெற்றார்’ என்பதும் அதற்குள்ளேயே வர வேண்டும். பாடம் முதலில் ‘முடித்தார்’ என்று அனுப்புகிறது, கடைசித் தேர்வு ஆனதும் அதன்மேலேயே ‘தேர்ச்சி’ என்று எழுதிவிடுகிறது. ‘முடித்தார்’ என்பதை மட்டும் எண்ணும் அறிக்கையில் அந்த மாணவர் பாடத்தை முடிக்கவே இல்லை! தகவல் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது, வாங்கியவருக்குத்தான் புரியவில்லை. ஸ்கார்ம் 2004இல் இதை இரண்டு புலங்களாகப் பிரித்தார்கள்.

நம் எழுத்துக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. அதே 1.2இல் மாணவர் பாதியில் விட்ட இடத்தைச் சேமிக்க 4096 எழுத்துகள்தான். சில பாடப் பொதிகள் மாணவர் தட்டிய விடைகளையும் இதிலேயே திணிக்கும், அதுவும் இணைய முகவரிகளில் செய்வதுபோல் விழுக்காட்டுக் குறி போட்டு மாற்றி. அப்போது ‘க’ ஒன்று 9 குறிகளாகிவிடும். ‘கோ’ யூனிகோடில் க, ோ என்று இரண்டு குறிகள் என்பதால் 18. ஆக, 455 தமிழ் யூனிகோடு குறிகளிலேயே இடம் தீர்ந்துபோகும், ஆங்கிலப் பாடத்தில் இவ்வளவு சீக்கிரம் தலைகாட்டாத பிழை இது. செந்தரத்தை இரண்டு பக்கமும் மீறவில்லை என்பதுதான் வேடிக்கை.

அதனால் சொல்லில் ‘சேர்தல்’ மட்டும் இருந்தால் போதாது, ஒன்றையொன்று புரிந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பதும் தெரிய வேண்டும். இயைதல் என்றால் பொருந்துதல், இணங்குதல். இயைந்து இயங்குவது இயைந்தியக்கம், அந்தத் திறனைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் இயைந்தியங்குதிறன். இயைபுத் தொடை ஞாபகம் வருகிறதே என்பவர்களுக்கு: வரட்டும், கெட்டுப்போகாது.

கலைச்சொல் பட்டியலில் அழகாக இருந்துவிட்டு வாக்கியத்தில் நொண்டும் சொற்களை நிறையப் பார்த்துவிட்டோம். அதனால் புழக்கத்தில் போட்டுப் பார்த்தேன்: “இந்த வினாடிவினாக் கருவி நம் தளத்தோடு இயைந்தியங்குமா?” “இயைந்தியங்காத பொதிகளைக் கொள்முதல் செய்யக் கூடாது.” “இயைந்தியக்கச் சோதனை அடுத்த வாரம்.” முதல் இரண்டும் தடையில்லாமல் வருகின்றன. மூன்றாவது கொஞ்சம் நீளம்தான், ஆனால் பயனர் கையேட்டில் சகிக்கலாம். பொத்தானில் போடுகிற சொல் இல்லையே இது.

ஸ்டாண்டர்டுக்குச் செந்தரமே இருக்கட்டும். தரம் என்று சுருக்கினால் குவாலிட்டியோடு குழம்பும், அதை இந்த இழையில் இழுக்க வேண்டாம்.

வேறு சொல் வைத்திருப்பவர்கள் மேலே உள்ள மூன்று வாக்கியங்களிலும் அதைப் போட்டு அப்படியே அனுப்புங்கள். வெறும் சொல்லை மட்டும் அனுப்பினால் இன்னொரு நாற்பது மடல் ஓடும்.