சம்மர் ரீடிங்: அமெரிக்க ஹைஸ்கூலில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு

கேள்வி:
வணக்கம். ஜூலை கடைசியில் சென்னையிலிருந்து நியூ ஜெர்சிக்கு வருகிறோம். பையனுக்குப் பதினொன்றாம் வகுப்பு, ஏபி (கல்லூரித் தரப் பாடம்) இங்கிலீஷ் லாங்குவேஜ் கேட்டிருக்கிறோம். பள்ளி வலைத்தளத்தில் சம்மர் ரீடிங் என்று இரண்டு புத்தகங்களும், டயலெக்டிகல் ஜர்னல் (மேற்கோளும் அதற்கு எதிர்வினையும் எழுதும் குறிப்பேடு) 20 என்ட்ரி என்றும் போட்டிருக்கிறார்கள். கட்டாயம் செய்ய வேண்டுமா? புத்தகங்களை இங்கேயே வாங்கிவிடலாமா?

பதில்:
ஏபி, ஹானர்ஸ் வகுப்பு என்றால் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதல் மார்க்கிங் பீரியடில் (மதிப்பெண் போடும் முதல் பருவத்தில்) மதிப்பெண் உண்டு, முதல் வாரத்திலேயே வகுப்பில் உட்கார்ந்து ஒரு கட்டுரையும் எழுதச் சொல்வார்கள். சாதாரண வகுப்புக்குப் பள்ளிக்குப் பள்ளி மாறும்.

முதலில் சரியான தாளைத்தான் பார்க்கிறீர்களா என்று உறுதி செய்யுங்கள். இரண்டு இடத்தில் தவறுவார்கள். ஒன்று, போன வருடத்து பிடிஎஃப் வலைத்தளத்தில் அப்படியே கிடக்கும். தலைப்பில் எந்தக் கல்வியாண்டு என்று பாருங்கள். இன்னொன்று, "ரைசிங் ஜூனியர்" என்ற சொல். இங்கே ஒன்பது ஃப்ரெஷ்மன், பத்து சோஃபமோர், பதினொன்று ஜூனியர், பன்னிரண்டு சீனியர். ரைசிங் ஜூனியர் என்றால் வரும் ஆண்டில் பதினொன்றில் உட்காரப்போகிற பிள்ளை. பதினொன்றை முடித்த பிள்ளை என்று எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புப் பட்டியலை வாங்குபவர்கள் உண்டு.

நீங்கள் கேட்டிருப்பதாலேயே ஏபி கிடைத்துவிட்டது என்று ஆகாது. மார்க் ஷீட்டைப் பார்த்து பள்ளியின் கவுன்சிலர்தான் (மாணவர் ஆலோசகர்) வகுப்பு ஒதுக்குவார். ஆசிரியர்களில் பலர் கோடையில் மெயில் பார்ப்பதில்லை, அதனால் கவுன்சிலருக்கு எழுதி பள்ளி அலுவலகத்துக்கும் நகல் போடுங்கள். நாலு வரி போதும்: எந்தத் தேதியில் பதிவு செய்கிறோம், எந்த வகுப்பு கேட்டிருக்கிறோம், வந்து சேர ஜூலை கடைசி ஆகும், ஜர்னலுக்கு அவகாசம் கிடைக்குமா. தாமதமாகச் சேரும் பிள்ளைக்கு இரண்டு, மூன்று வாரம் தருவது வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் பள்ளி திறக்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். திறந்த பிறகு கேட்டால் சாக்குப்போக்கு மாதிரி தெரியும்.

நியூ ஜெர்சியில் பெரும்பாலும் லேபர் டேயை ஒட்டி, செப்டம்பர் முதல் வாரத்தில்தான் வகுப்பு தொடங்கும். இதைப் படிக்கும் டெக்சஸ், ஜார்ஜியாக்காரர்களுக்கு ஆகஸ்டிலேயே மணி அடித்துவிடும். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

பதில்:
புத்தகம் பற்றி. சென்னையில் விலை குறைவுதான், ஆனால் அவசரப்பட வேண்டாம். ஜர்னலில் ஒவ்வொரு மேற்கோளுக்கும் பக்க எண் போட வேண்டும். இந்தியப் பதிப்பில் பக்கங்கள் வேறாக ஓடும். ஆசிரியர் தன் பிரதியில் 112ஆம் பக்கத்தைத் திருப்பினால் அந்த வரி இருக்காது. பட்டியலில் 13 இலக்க ஐஎஸ்பிஎன் (பதிப்பின் அடையாள எண்) கொடுத்திருந்தால் அந்தப் பதிப்பையே வாங்குங்கள். கையில் ஏற்கெனவே வேறு பதிப்பு இருந்தால் பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் எழுதி, முதல் பக்கத்தில் எந்தப் பதிப்பு என்று ஒரு வரி போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்காரர்களுக்கு ஒடிஸி வந்தால் இன்னும் கவனம்: ஃபிட்ஸ்ஜெரால்ட், ஃபேகிள்ஸ், எமிலி வில்சன் என்று பல மொழிபெயர்ப்புகள் உண்டு. ஒன்றின் வரி இன்னொன்றில் அதே சொற்களில் இருக்காது.

வந்ததும் ஊர் நூலகத்தில் கார்டு எடுங்கள், இலவசம். முகவரிச் சான்று கேட்பார்கள். முதல் வாரத்தில் கரன்ட் பில் இருக்காது, கையெழுத்தான லீஸ் பேப்பரையும் பாஸ்போர்ட்டையும் கொண்டுபோங்கள். கார்டு எண்ணை வைத்து லிபி செயலியில் மின்நூலும் ஒலிநூலும் எடுக்கலாம். ஆகஸ்டில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதே புத்தகத்துக்கு ஹோல்ட் (முன்பதிவு) போட்டிருப்பார்கள், அதனால் கார்டு கிடைத்த அன்றே நீங்களும் போட்டுவிடுங்கள். கெடு முடிந்தால் மின்நூல் தானாகத் திரும்பிவிடும், பின்னால் ஆள் காத்திருந்தால் நீட்டிக்கவும் முடியாது. எழுத்தைப் பெரிதாக்கினால் பக்க எண்ணும் மாறும். ஆகவே லிபி வாசிக்க நல்லது, ஜர்னலுக்குக் காகிதப் பிரதியே மேல். நூலகப் பிரதியில் பேனா படக்கூடாது, ஸ்டிக்கி நோட் ஒட்டுங்கள்.

பதில்:
புத்தகம் எப்படியும் கிடைத்துவிடும். நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது ஜர்னலில். நன்றாக ஆங்கிலம் பேசுகிற பிள்ளைகூட இதில் மதிப்பெண் இழக்கும். காரணம், நம் பள்ளிகளில் பாடத்தின் சுருக்கத்தைச் சரியாகச் சொன்னால் முழு மதிப்பெண். இங்கே சுருக்கத்துக்கு மதிப்பே கிடையாது. ஆசிரியருக்குக் கதை தெரியும்.

பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் மேற்கோளும் பக்க எண்ணும், வலப்பக்கம் அதற்கு உங்கள் பிள்ளையின் எதிர்வினை, நாலிலிருந்து ஆறு வாக்கியம். ஏபி லாங்குவேஜில் கதை அல்லாத உரைநடைதான் அதிகம். எழுத்தாளர் வாசகரை எங்கே, எதை வைத்து அசைக்கிறார் என்று பார்ப்பதுதான் பாடம். மே மாதத் தேர்வில் வரும் மூன்று கட்டுரைகளில் ஒன்று முழுக்க இதுவேதான்.

உதாரணத்துக்கு, இடப்பக்கத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "மருத்துவமனைக்கு மூன்று மைல். அம்மா நடந்தாள். எங்கள் தெருவுக்குப் பேருந்து வருவதில்லை."

வலப்பக்கத்தில் "அவர் அம்மா ஏழை, படிக்க வருத்தமாக இருந்தது" என்று எழுதினால் பாதி மதிப்பெண் கிடைப்பதே கஷ்டம். இப்படி யோசிக்கச் சொல்லுங்கள்: மூன்று குட்டி வாக்கியங்கள். எதிலும் புகார் இல்லை. முதலில் தூரம், பிறகு நடை, காரணம் கடைசியில். காரணத்தைக் கடைசிவரை பிடித்துவைத்ததால், யார் மேல் தவறு என்ற கேள்வியை வாசகரே கேட்டுக்கொள்கிறார். "எங்கள் தெருவுக்கு" என்ற சொல், மற்ற தெருக்களுக்குப் பேருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் சொல்கிறது. இவ்வளவும் மூன்று வரியிலிருந்து வருகிறது. இதை வீட்டில் தமிழிலேயே பேசிப் பாருங்கள், தவறே இல்லை. பேசித் தெளிந்த பிறகு ஆங்கிலத்தில் எழுதட்டும்.

நாள் கணக்கு. இரண்டு புத்தகமும் சேர்த்து 550 பக்கம் என்றால், வந்து இறங்கிய முதல் வாரத்தை விட்டுவிடுங்கள், தூக்கமே சரியாக வராது. மிச்சம் நாலு வாரத்தில் கடைசி நாலு நாள் தட்டச்சுக்கும் திருத்தத்துக்கும். 24 நாளில் தினம் 23 பக்கம். 20 என்ட்ரி என்றால் ஏறக்குறைய 27 பக்கத்துக்கு ஒன்று. படித்த அன்றே எழுதிவிட வேண்டும். முழுதும் படித்துவிட்டுத் திரும்பி வந்து மேற்கோள் தேடினால் எல்லாமே முதல் 60 பக்கத்திலிருந்து வரும். பக்க எண்ணைப் பார்த்தாலே ஆசிரியருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி:
மிக்க நன்றி. ஸ்பார்க்நோட்ஸ் (புத்தகச் சுருக்கம் தரும் தளம்), சாட்ஜிபிடி உதவி எடுக்கலாமா? அவன் கொஞ்சம் மெதுவாகப் படிப்பான்.

பதில்:
நோட்ஸ் பார்த்து எழுதுவது நமக்குப் பழக்கம். இங்கே அது திருட்டாகப் பதிவாகும்: அந்த வேலைக்குப் பூஜ்யம் போட்டு, வீட்டுக்கும் அழைப்பு வரலாம். பல பள்ளிகள் டர்னிட்டின் என்ற, காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் தளம் வழியாகத்தான் வாங்குகின்றன. முதல் நாளிலிருந்து கூகுள் டாக்ஸிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதி, அடித்து, திருத்திய தடமெல்லாம் வெர்ஷன் ஹிஸ்டரியில் இருக்கும். வீணாகச் சந்தேகம் வந்தாலும் அதைக் காட்டலாம். வேறெங்கோ எழுதி மொத்தமாக ஒட்டினால் அந்தத் தடம் இருக்காது. மெதுவாகப் படிப்பவனுக்கு ஒலிநூலைக் காதில் ஓடவிட்டு அச்சுப் பிரதியில் கண் ஓட்டச் சொல்லுங்கள். அது அனுமதிக்கப்பட்டதுதான், வேகமும் கூடும்.

பதில்:
கடைசியாக எம்எல்ஏ ஃபார்மட், அதாவது இங்கிலீஷ் வகுப்பில் கட்டுரையை வடிவமைக்கும் முறை. டைம்ஸ் நியூ ரோமன் 12, இரட்டை வரி இடைவெளி, நாலு பக்கமும் ஒரு அங்குல ஓரம். முதல் பக்கத்தின் இடது மேல் மூலையில் பெயர், ஆசிரியர் பெயர், வகுப்பு, தேதி. அமெரிக்காவில் மாதத்தை முதலில் எழுதினாலும் எம்எல்ஏ தலைப்பில் நம் ஊர் மாதிரி நாள்தான் முதலில், மாதத்தை எழுத்தில்.

வலது மேல் மூலையில் லாஸ்ட் நேமும் பக்க எண்ணும் வரும். இனிஷியல் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் இங்கேதான் குழம்புவார்கள். பேரன்ட் போர்ட்டலில் (பெற்றோருக்கான பள்ளி வலைத்தளத்தில்) லாஸ்ட் நேம் என்ற கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அதையே போடட்டும், அப்பா பெயரானாலும் சரி. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருந்தால், பள்ளிப் பதிவிலும் அதுவே முதல் பெயராக ஏறியிருக்கலாம். ஆகஸ்டிலேயே ரிஜிஸ்ட்ராரைப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். நவம்பர் நடுவுக்குள் ஏபி தேர்வுக்குப் பதிய வேண்டும், அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு கணக்கிலும் பள்ளிப் பதிவிலும் ஒரே பெயர் இருக்க வேண்டும்.