ஜியோஜாங்கோவின் பேஸ் கிளாஸோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டா? என் அனுபவம் இது

ஜியோஜாங்கோ என்பது ஜாங்கோ வெப் ஃபிரேம்வொர்க்கில் வரைபட, இடத் தரவுகளைக் கையாளும் பகுதி. அதற்குள்ளேயே போஸ்ட்ஜிஐஎஸ், ஸ்பேஷியாலைட், ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல் என்ற நான்கு டேட்டாபேஸுக்கும் பேக்எண்ட் (இணைப்பு நிரல்) இருக்கிறது. எங்களுக்கு அதில் இல்லாத ஒரு டேட்டாபேஸை இணைக்க வேண்டி வந்தது. அதற்காகத்தான் எல்லா பேக்எண்டுகளுக்கும் அடிப்படையான பேஸ்ஸ்பேஷியல்ஆபரேஷன்ஸ் கிளாஸை வரி வரியாகப் படித்தேன்.

பேஸ் கிளாஸ் என்றால் பொதுவான வேலைகளை எழுதி வைக்கும் இடம் என்றுதான் நினைப்போம். இங்கே பொதுவானது என்று சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ஒரு பரப்புக்குள் ஒரு புள்ளி இருக்கிறதா என்று கேட்க போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி_கன்டெயின்ஸ். ஆரக்கிளிலோ எஸ்டிஓ_கன்டெயின்ஸ், அதுவும் 'ட்ரூ' என்ற எழுத்தோடு ஒப்பிட்டால்தான் வேலை செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஆதரவில்லாத ஃபங்ஷன்களின் பட்டியல். ஏரியா, டிஸ்டன்ஸ், யூனியன், டிரான்ஸ்ஃபார்ம் என்று தெரிந்த எல்லாமே பேஸ் கிளாஸில் அந்தப் பட்டியலில்தான் கிடக்கும். உங்கள் டேட்டாபேஸுக்கு எது தெரியுமோ அதை நீங்கள்தான் வெளியே எடுக்க வேண்டும். எடுக்காததை யாராவது கூப்பிட்டால் எஸ்க்யூஎல் உருவாகும் முன்பே எர்ரர் வந்துவிடும். அருமையான முடிவு.

அதே கிளாஸில் இதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. வடிவத்தை எஸ்க்யூஎல்லில் பொருத்தும் கெட்_ஜியாம்_பிளேஸ்ஹோல்டர், ஆய முறைகளைப் பட்டியலிடும் ஸ்பேஷியல்_ரெஃப்_சிஸ் அட்டவணை இருக்கிறதா என்று பார்க்கும். நான் படித்த பதிப்பில், அட்டவணை இல்லை என்றால் எஸ்ஆர்ஐடியையே (ஆயங்கள் எந்த முறையில் உள்ளன என்று சொல்லும் எண்) விட்டுவிடும். பழைய மைஎஸ்க்யூஎல் பயன்பாடுகள் உடையக்கூடாது என்பதற்காக வைத்தது என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. எங்கள் டேட்டாபேஸிலும் அந்த அட்டவணை கிடையாது, ஆனால் எஸ்ஆர்ஐடி நன்றாகவே தெரியும். பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் இடையே தூரம் கேட்டு டெஸ்ட் எழுதினோம். நேர்கோட்டில் சுமார் 500 கிலோமீட்டர் வர வேண்டும். வந்தது 4.7! எஸ்ஆர்ஐடி போய்ச் சேராததால், டிகிரிகளைத் தட்டையான வரைதாள் அளவாக எடுத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. எர்ரர் எதுவும் இல்லை. அந்த மெத்தடை எங்கள் பக்கம் மாற்றி எழுதியபிறகுதான் சரியானது.

அட்டவணை இருக்கிறதா, எஸ்ஆர்ஐடியை ஏற்குமா என்பவை வெவ்வேறு கேள்விகள். ஒரு டேட்டாபேஸால் என்னென்ன முடியும் என்று சொல்லும் ஃபீச்சர்ஸ் கிளாஸில் இரண்டுக்கும் தனித்தனிக் கொடி (ஆம்/இல்லை குறி) இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

*

உங்கள் பதிவுக்குப் பதில்: நான் ஸ்பேஷியாலைட் பக்கம் நிறைய வேலை பார்த்தவன், அண்ணா. அங்கே வடிவ நெடுவரிசையின் டைப்பைச் சொல்ல வேண்டிய ஜியோ_டிபி_டைப், 'எதுவுமில்லை' என்ற பொருளுள்ள வெறும் நன்-ஐ (None) திருப்பித் தரும். முதலில் பார்த்தபோது பக் என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது: ஸ்பேஷியாலைட்டில் வடிவ நெடுவரிசையை கிரியேட் டேபிளுக்குள் எழுதாமல், அட்டவணை உருவானபின் ஆட்ஜியாமெட்ரிகாலம் என்று தனியாக அழைக்கிறார்கள். அதனால் அட்டவணைகளை உருவாக்கும் ஸ்கீமா எடிட்டரும் தனி. டைப் என்ன என்று மட்டும் கேட்கிற பேஸ் கிளாஸ் இதற்குப் போதாது, நெடுவரிசை எப்போது உருவாகும் என்பதற்கும் இடம் விட வேண்டும்.

நீங்கள் சொன்ன தூர விஷயத்தில் ஸ்பேஷியாலைட் பேக்எண்ட் ஒழுங்காக நடந்துகொள்கிறது. 4326 என்ற எஸ்ஆர்ஐடியில், அதாவது டிகிரி அளவில், இருக்கும் புலத்தில் 5 கிலோமீட்டருக்குள் தேடு என்றால் வேல்யூஎரர் போட்டு, டிகிரியில் எண்ணாகக் கொடு என்று கேட்கும். உங்கள் டெஸ்டை ஜாங்கோ திட்டத்துக்கே அனுப்பி வையுங்கள், கொடியைப் பிரிக்கும் பேட்ச் எழுத நானும் கூட வருகிறேன்.