‘கம் ஃப்ரம்’: எங்கிருந்து என்பதற்கா, எதனால் என்பதற்கா?

கேள்வி:
அலுவலக அறிக்கையில் “தி எரர்ஸ் ஆர் கமிங் ஃப்ரம் ஹேஸ்ட்” என்று எழுதியிருந்தேன். அவசரத்தால் தவறுகள் வருகின்றன என்று சொல்ல நினைத்தேன். மேலதிகாரி ‘ஆர் கமிங்’ என்பதை அடித்து ‘கம்’ என்று மாற்றிவிட்டார், விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ‘வருகின்றன’ என்றால் ‘ஆர் கமிங்’தானே? அப்புறம், இடத்தைச் சொல்லத்தான் ‘கம் ஃப்ரம்’ என்று படித்தேன். காரணத்தையும் அப்படிச் சொல்லலாமா? இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

பதில் 1:
தாராளமாகச் சொல்லலாம். “தி வேர்ட் கம்ஸ் ஃப்ரம் லத்தீன்” என்பது மூலம். “கான்ஃபிடன்ஸ் கம்ஸ் ஃப்ரம் பிராக்டிஸ்” என்பது காரணம். இரண்டும் எப்போதும் உள்ள நிலை, அதனால் வெறும் ‘கம்ஸ்’. பக்கத்து அறையில் இந்த நொடி கேட்கும் சத்தத்துக்கு “தி நாய்ஸ் இஸ் கமிங் ஃப்ரம் தி நெக்ஸ்ட் ரூம்” சரி. தமிழில் ‘வருகிறது’ இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால்தான் நமக்குக் குழப்பம். நேர்முகத் தேர்வில் “வேர் டூ யூ கம் ஃப்ரம்?” என்று சொந்த ஊரைக் கேட்டார்கள். நானோ அப்போது பஸ் ஏறிய இடத்தைச் சொன்னேன். அதற்கு “வேர் ஹேவ் யூ கம் ஃப்ரம்?” என்று கேட்டிருப்பார்கள் எனப் பிறகுதான் புரிந்தது.

பதில் 2:
காரணத்தையும் இடத்தையும் ஒரே உருபு சுமப்பது தமிழுக்குப் புதிதல்ல. ‘இல்’, ‘இன்’ என்ற உருபுகள் வரும் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நான்கு பொருள் சொல்கிறது நன்னூல். ‘மலையின் வீழ் அருவி’யில் நீங்கல், அதாவது ஓரிடத்திலிருந்து விலகுவது; ‘கல்வியில் பெரியன்’ என்பதில் ஏது, அதாவது காரணம். இன்று ‘இருந்து’ என்றும் ‘ஆல்’ என்றும் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தின் ‘ஃப்ரம்’ இன்னும் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஒற்றுமை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி, நன்றாகப் புரிந்தது. இன்னொன்று. “தி எரர் கேம் ஃப்ரம் ஐ டிட் நாட் செக்” சரியா?

பதில் 1:
இல்லை. ‘ஃப்ரம்’ பின்னால் முழு வாக்கியம் அப்படி நிற்காது. பெயர்ச்சொல் வேண்டும், அல்லது ‘இங்’ சேர்ந்த வினை: “தி எரர் கேம் ஃப்ரம் நாட் செக்கிங் தி ஃபிகர்ஸ்.” ஒருமுறை நடந்து முடிந்ததால் இங்கே ‘கேம்’ பொருந்தும். ‘ரிசல்ட் ஃப்ரம்’ என்று எழுதினாலும் இதே விதிதான். ஆனால் ‘ரிசல்ட் இன்’ என்று போட்டுவிடாதீர்கள், காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.